2024-இல் வீடு வரை கூடவே வந்த படங்கள்: யாரோடு பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள்?

முதுநகர் ஆசிரியர்:

2024-இன் சிறந்த பத்துப் படங்கள் என்று ஆளாளுக்குப் பட்டியல் போட்டாயிற்று. வசூலை வைத்துச் சிலர், விருதை வைத்துச் சிலர். நான் கேட்க விரும்புவது வேறு. படம் முடிந்து வெளியே வந்த பிறகு, உடன் வந்தவரோடு என்ன பேசினீர்கள்? அந்தப் பேச்சு எத்தனை தூரம் போனது? ஒரு படத்தின் எடை அதில்தான் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம். கடலூர், புதுச்சேரிப் பக்கத்து நண்பர்கள் எல்லோரும் எழுத வேண்டும். நானே தொடங்குகிறேன்.

எனக்கு முதலிடம் மெய்யழகனுக்குத்தான். செப்டம்பர் 27 அன்று வெளிவந்தது, பிரேம்குமார் இயக்கியது. பங்காளிச் சண்டையில் தஞ்சாவூர் வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போன ஒருவர், பல ஆண்டுகள் கழித்துத் தங்கையின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே 'அத்தான், அத்தான்' என்று உருகி உருகிக் கவனிக்கும் ஒருவனின் பெயர் மட்டும் அவருக்கு நினைவுக்கு வருவதில்லை. இவ்வளவுதான் கதை. அரவிந்த்சாமியும் கார்த்தியும் ஓர் இரவு முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதை என் அக்காள் கணவரோடு பார்த்தேன். புவனகிரியில் அவர்கள் வீடு பாகம் பிரிக்க முடியாமல் விலைபோய்விட்டது. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது இருக்கும். தியேட்டரிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அத்தான் ஒரு பெயரைத் தேடிக்கொண்டே வந்தார். வீட்டைக் காலி செய்த அன்று, யாரும் கூப்பிடாமலேயே வந்து பாத்திரம் பண்டங்களை லாரியில் ஏற்றிக் கொடுத்த ஒரு பையன். நீலக் கட்டம் போட்ட லுங்கி நினைவிருக்கிறது, வாயில் விரலை வைத்து விசிலடிப்பது நினைவிருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. இரவு பத்தரை மணிக்குச் சிதம்பரத்தில் இருக்கும் தன் தங்கையை எழுப்பிக் கேட்டார். அவர் தூக்கக் கலக்கத்திலேயே பெயரைச் சொல்லிவிட்டார். இப்போது அந்த மனிதரின் எண் அத்தானிடம் இருக்கிறது. வாரந்தோறும் பேசிக்கொள்கிறார்கள். ஒரு படம் இதைவிட என்ன செய்துவிட வேண்டும்?

வெளியான சில நாட்களிலேயே நீளம் அதிகம் என்று சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். எனக்கு அதில் சிறிதும் உடன்பாடு இல்லை. அந்தப் படத்தின் சுகமே அதன் நிதானம்தான். திருமண மேடையிலேயே தங்கை பரிசைப் பிரித்து அணிந்துகொள்ளும் காட்சியை அவசரமாக எடுத்திருந்தால் யாருக்காவது கண் கலங்கியிருக்குமா?

லப்பர் பந்து அதற்கு ஒரு வாரம் முன்பு வந்தது. தமிழரசன் பச்சமுத்துவுக்கு முதல் படம் என்று நம்ப முடியவில்லை. உள்ளூர்க் கிரிக்கெட் ஆட்டக்காரராக வரும் கெத்து மட்டையோடு இறங்கும்போது விஜயகாந்த் படப் பாட்டான 'நீ பொட்டு வச்ச தங்கக்குடம்' ஒலித்ததும் கடலூர்த் தியேட்டர் எழுந்து நின்றது. அவர் மறைந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. 2006-இல் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது நம் மாவட்டத்து விருத்தாசலம் அல்லவா! என் மகன் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாலைதோறும் கிரிக்கெட் ஆடுகிறவன். பாட்டுக்கு நன்றாகக் கை தட்டினான். வெளியே வந்ததும் கேட்டான்: "அன்பு அவ்வளவு நன்றாகப் பந்து போடுகிறான், அவனை ஏன் அப்பா அந்த அணியில் சேர்க்கவில்லை?" சாதியைப் பற்றி அவனோடு நான் முதன்முதலாகப் பேசியது அன்றைக்குத்தான். பாடப்புத்தகத்தில் உள்ள 'தீண்டாமை ஒரு பெருங்குற்றம்' என்ற வரியை அவன் அறிவான். ஆனால் தன் வயதுப் பையன்களின் விளையாட்டுத் திடலில் அது எப்படி இருக்கும் என்பதை இந்தப் படம்தான் அவனுக்குக் காட்டியது. கணவர் ஆடும் திடலை டிராக்டரால் உழுதுபோடும் யசோதையை என் மனைவி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

மகாராஜா, அமரன் இரண்டையும் ஊரே பார்த்துவிட்டது. நான் சொல்ல அதிகம் இல்லை. அமரனில் சாய் பல்லவியின் கண்கள் மறக்கவில்லை. மகாராஜாவின் திரைக்கதை வேலைப்பாட்டை மதிக்கிறேன். ஆனால் ஒரு சிறுமியின் துயரத்தைக் கடைசி வரை மறைத்து வைத்துத் திருப்பமாக எடுத்து நீட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

கொட்டுக்காளிக்கு ஒரு கல்லூரி நண்பரோடு போனேன். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ இரைச்சல், சேவலின் சிறகடிப்பு, தொண்டையில் சுண்ணாம்பு தடவிய சூரியின் கரகரத்த குரல். மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே சேர்ந்து அவளைச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறது. வழியில் ஆட்டோவைத் திருப்ப வேண்டியிருக்கிறது. அவளை உள்ளே வைத்தபடியே வண்டியைத் தூக்கித் திருப்பி வைக்கிறார்கள். இறங்கிக்கொள் என்று ஒருவரும் அவளிடம் சொல்வதில்லை. வினோத்ராஜ் எதையும் விளக்காமல் விட்டது அந்த ஒரு காட்சியில் முழுவதுமாக விளங்கிவிட்டது. நண்பருக்கு முடிவு பிடிக்கவில்லை. மஞ்சக்குப்பம் தேநீர்க்கடையில் நெடுநேரம் சண்டை போட்டோம், இன்றும் தீரவில்லை.

இன்னொன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ. மழை. அடுத்து சாத்தனூர் அணை நீர் சேர்ந்து தென்பெண்ணை கரைபுரண்டு, ஆற்றோரக் குடியிருப்புகளெல்லாம் மூழ்கின. முகாமாக மாறிய ஒரு பள்ளியில் எனக்கு வேலை. பகலெல்லாம் உணவுப் பொட்டலம், பாய், மருந்து என்று ஓடும். மாலையில் குழந்தைகளை என்ன செய்வது என்று தெரியாது. வகுப்பறைத் திரையில் குரங்கு பெடல் போட்டுக் காட்டினேன். கமலக்கண்ணன் இயக்கியது, மே மாதம் வந்து சத்தமில்லாமல் போன படம். வாடகைச் சைக்கிளில் அரைப் பெடல் பழகும் ஒரு சிறுவனின் கோடை விடுமுறை. அப்பாவாக வரும் காளி வெங்கட்டுக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது.

குழந்தைகள் சிரித்தார்கள், ஓட்டு, ஓட்டு என்று கத்தினார்கள். முடிந்ததும் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். "சார், அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் சேற்றுக்குள் கிடக்கிறது. செயினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் ஓடுமா?" அதைக் கேட்டதும் ஆளாளுக்குத் தங்கள் வீட்டில் எது எங்கே புதைந்திருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார்கள். அதுவரை அந்தப் பிள்ளைகள் வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அதற்காகவே அந்தப் படத்துக்கு என் பட்டியலில் இடம் உண்டு.

இனி நீங்கள் எழுதுங்கள்.

பண்ருட்டிப் பெண்:

வணக்கம் ஐயா. எனக்கு வாழை. மாரி செல்வராஜ் தன் சிறுவயதை எடுத்த படம். விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்கப் போகும் பள்ளிச் சிறுவன் சிவனைந்தனின் கதை. கொட்டுக்காளியும் இதுவும் ஒரே நாளில், ஆகஸ்ட் 23 அன்று வெளிவந்தன. அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன்.

எங்கள் ஊரில் வாழைத்தார் இல்லை, முந்திரி. சனி, ஞாயிறு என்றால் எங்களுக்கு விடுமுறை இல்லை, கொட்டை உடைக்க வேண்டும். சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு உட்காருவோம். அப்படியும் தோட்டு எண்ணெய் பட்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்துவிடும். திங்கட்கிழமை பள்ளியில் கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்வேன். சிவனைந்தன் கழுத்து வலியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது என் விரல் எரிந்தது ஐயா, உண்மையாகவே எரிந்தது.

மகன் அவ்வளவு கெஞ்சியும் தாய் அவனைச் சுமை தூக்க அனுப்புகிறாள் அல்லவா? அருகில் இருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அம்மா மட்டும் மெல்ல, "முன்பணம் வாங்கிவிட்டாளே, அவள் என்ன செய்வாள்" என்றார். பஸ் வரும்வரை அந்தப் பேச்சை விடவில்லை. அப்பா இறந்தபோது காரியச் செலவுக்கு அம்மா முன்பணம் வாங்கியிருக்கிறார். அதைக் கழிக்கத்தான் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்தாராம். இத்தனை ஆண்டுகளில் எங்களுக்குத் தெரியாது. பணம் போதவில்லை என்று மட்டும் நினைத்திருந்தேன். "உங்களைப் படிக்க விடாமல் செய்யவில்லை, கடனை முடித்தேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அழவில்லை.

கடைசி அரைமணி நேரம் மிகையாக இருக்கிறது என்று சிலர் எழுதினார்கள். ஒப்பாரி வைக்கத் தெரிந்த வீடுகளுக்கு அது மிகையில்லை.

பாகூர்க்காரன்:

ஜமாவை யாருமே சொல்லவில்லையே! பாரி இளவழகன் எழுதி, இயக்கி, தானே நடித்த படம். திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களின் வாழ்க்கை. இசை இளையராஜா. ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்து, நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் தியேட்டரைவிட்டுப் போய்விட்டது.

என் தாய்மாமன் பெண் வேடம் கட்டியவர். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடந்து, தீமிதியோடு முடியும். பாஞ்சாலியாக மாமா சபதம் போடும்போது பெண்கள் எழுந்து கும்பிடுவார்கள். அதே மாமாவுக்குப் பெண் கேட்டுப் போனால், "நடையைப் பார்த்தீர்களா" என்று திருப்பி அனுப்புவார்கள். படத்தின் நாயகன் கல்யாணத்துக்கு அவன் அம்மா பெண் தேடி அலையும் காட்சிகளை மாமா கண் கொட்டாமல் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவராகவே பேசினார். அரிதாரத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தாலும் காதோரத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்குமாம். விடியற்காலைப் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார ஆட்கள் தயங்குவார்களாம். "முந்தின ராத்திரி கையெடுத்துக் கும்பிட்ட அதே ஊர்க்காரர்கள்" என்றார். குந்தியின் புலம்பலை எடுத்துப் பாடியும் காட்டினார். குரல் கொஞ்சமும் தளரவில்லை. தமிழ் நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் கண்மூடிய புதுச்சேரி மண் இது. அவர் பெயரில் அரசு திரைப்பட விருதும் தருகிறது. அப்படிப்பட்ட ஊரில் ஜமாவை ஒரு வாரம்கூட ஓட விடாதது எனக்கு மனக்குறைதான். கைப்பேசியிலாவது பாருங்கள், தயவுசெய்து.

லாசுப்பேட்டை:

நான் செவிலியர். என் படம் ஆல் வி இமேஜின் ஆஸ் லைட். பாயல் கபாடியா இயக்கியது. கேன் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின் போன இந்தியப் படம். அங்கே கிராண்ட் ப்ரி பரிசும் பெற்றது. மும்பையில் வேலை செய்யும் மலையாளச் செவிலியர்களின் கதை என்பதால் எங்கள் அறையில் எல்லோருக்கும் ஆவல். ஹாட்ஸ்டாரில் வந்த வாரமே, இரவுப் பணி இல்லாத நாளில் மடிக்கணினியில் பார்த்தோம்.

என் அறைத்தோழி மாஹேக்காரர். நம் யூனியன் பிரதேசம்தான், ஆனால் கேரளக் கடற்கரை. திருமணமான சில மாதங்களில் கணவர் வளைகுடாவுக்குப் போய்விட்டார். படத்தில் பிரபா என்ற செவிலியருக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ரைஸ் குக்கர் வரும். கடிதம் இல்லை, பெயர் இல்லை. இரவில் தரையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொள்வாள். அந்த இடத்தில் தோழி படத்தை நிறுத்தச் சொன்னார். எழுந்து போய்க் கட்டன் சாயா போட்டு வந்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, "எனக்கு அவர் அனுப்பியது இஸ்திரிப் பெட்டி" என்றார். அப்புறம் மறுபடி ஓடவிட்டோம்.

எங்கள் வேலையைத் திரையில் எப்போதும் தேவதையாகவோ கேலிப்பொருளாகவோதான் காட்டுவார்கள். இதில் அவர்கள் களைத்துப்போய் ரயிலில் நின்றுகொண்டு தூங்குகிறார்கள், சம்பளத்துக்கு முன் கைமாற்றுக் கேட்கிறார்கள். அதற்காக அந்த இயக்குநருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

விருத்தாசலத்திலிருந்து:

ஆசிரியர் ஐயா, கேப்டன் பெயரைச் சொன்னதற்கு நன்றி. மகாராஜா விஷயத்தில் மட்டும் உங்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அந்த அப்பா எதற்காகக் குப்பைத்தொட்டியைத் தேடுகிறார் என்பது முதலிலேயே தெரிந்திருந்தால், காவல் நிலையத்தில் அவர் வாங்கும் அவமானத்தைப் பார்த்து நாம் சிரித்திருக்க மாட்டோம். சிரித்ததற்காகப் பின்னால் கூசிப்போனேன். நம்மைக் கூச வைக்கத்தான் மறைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஒரு உதவி. என் மாமியாருக்குத் தியேட்டர் படி ஏற முடியாது. வீட்டில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க எதைப் போடலாம்?

பண்ருட்டிப் பெண்:

அண்ணா, ஜே.பேபி போடுங்கள். காணாமல்போன அம்மாவைத் தேடிக் கொல்கத்தா வரைக்கும் போகும் இரண்டு மகன்களின் கதை. தினேஷும் மாறனும் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியாக வருகிறார்கள். ஊர்வசி சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார், சட்டென்று தொண்டையை அடைக்க வைத்துவிடுவார். மாமியாரின் மகன்கள் எல்லோரையும் வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள். படம் முடிந்ததும் அவர் என்ன சொன்னார் என்று மறக்காமல் இங்கே எழுதுங்கள்.