வால்வு ஆம்ப்: வலது பக்கம் ஒண்ணு மட்டும் சிவக்குது

செந்தில், காலை 7:40
மாமா, வலது சேனல்ல வெளிப்பக்க இஎல்34 பவர் வால்வு மட்டும் பத்து நிமிஷத்துல செக்கச்செவேல்னு ஆகுது. ஃபிலமெண்ட் வெளிச்சம் இல்ல, உள்ள இருக்கிற உலோக பிளேட்டேதான். மத்த மூணும் நல்லா இருக்கு.

ரவி மாமா, 7:43
உடனே ஆஃப் பண்ணு. 25 வாட்தான் அந்த பிளேட் தாங்கும், அதைத் தாண்டிடுச்சு. அப்படியே ஓடவிட்டா வால்வு போறதோட நிக்காது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரிச்சிடும். புது வால்வு ஆர்டர் போட்டுடாதப்பா. பல நேரம் தப்பு வால்வு மேல இருக்காது.

மாலதி அக்கா, 7:51
ஆறினதும் அதே சேனல்ல ரெண்டையும் இடம் மாத்திப் பாரு. சிவப்பு வால்வு கூடவே போச்சுன்னா வால்வு கெட்டிருக்கு. அதே சாக்கெட்ல நின்னா சர்க்யூட். ஸ்விட்ச்ல கை வச்சுக்கிட்டே பாரு. ஸ்பீக்கர் மாட்டாம மட்டும் ஆன் பண்ணவே கூடாது.

செந்தில், 9:15
அதே சாக்கெட்தான் அக்கா. வால்வு நல்லாதான் இருக்கு.

ரவி மாமா, 9:18
அப்போ கரெண்டை அடக்கி வைக்கிற கிரிட்டுக்கு பயாஸ், அதாவது நெகட்டிவ் வோல்ட், சரியா வரல. பிளக்கை உருவிட்டு, 10 கிலோஓம் 10 வாட் ரெசிஸ்டரால ஃபில்டர் கண்டென்சரை டிஸ்சார்ஜ் பண்ணு. மீட்டர்ல 10 வோல்ட்டுக்குக் கீழ வந்தப்புறம்தான் உள்ள கை வைக்கணும். ஸ்க்ரூடிரைவரை வச்சு ஷார்ட் பண்ற பழக்கமே வேணாம்.

வலது பக்க ரெண்டு வால்வையும் கழட்டு. இடது பக்கத்துது இருக்கட்டும். நாலையும் எடுத்தா லோடு இல்லாம ஹெச்டி, அதாவது பிளேட்டுக்குப் போற ஹை வோல்டேஜ், ஏறிடும். ஃபில்டர் கண்டென்சர் 500 வோல்ட்தான் தாங்கும். மீட்டரோட கருப்பு கிளிப் உலோகச் சேசிஸ்ல, சிவப்பு கிளிப் கிரிட்டோட 5-ஆம் பின்ல. ரெண்டையும் ஆஃப்ல இருக்கும்போதே மாட்டு. ரெண்டு பின் தள்ளி பிளேட்டோட 3-ல 430 வோல்ட் இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ. பயாஸைத் திருப்புற பாட் ரெண்டையும் முழு நெகட்டிவ்ல வச்சுட்டு ஆன் பண்ணி, ரெண்டு சாக்கெட்டையும் அளந்து சொல்லு.

செந்தில், 10:20
உள்பக்க சாக்கெட் மைனஸ் 46, அசையவே இல்ல. வெளிப்பக்கம் மைனஸ் 44-ல ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல மைனஸ் 25.

மாலதி அக்கா, 10:24
சூடாக ஆக இறங்குதுன்னா, சிக்னலை மட்டும் விட வேண்டிய கப்ளிங் கண்டென்சர் லீக். முன்னாடி இருக்கிற வால்வு பிளேட்டோட பாசிட்டிவ் அது வழியா கிரிட்டுக்கு வருது. உன் கிரிட் ரெசிஸ்டர் 220 கிலோஓம்தானே? 21 வோல்ட் குறைய 100 மைக்ரோஆம்பியர் கூடத் தேவையில்ல. அதனாலதான் கண்டென்சரைக் கழட்டி ஓம்ல பார்த்தா நல்லதுன்னே காட்டும். மீட்டரோட சின்ன வோல்ட்ல தெரியாது, 200 வோல்ட்லதான் ஒழுகும்.

உறுதி பண்ண, அதோட கிரிட் பக்கத்துக் காலை மட்டும் தூக்கிட்டு மறுபடி அள. மைனஸ் 46-க்குத் திரும்பலன்னா சாக்கெட் பின்னையும் பயாஸ் பாட்டையும் பாரு.

செந்தில், 11:05
திரும்பிடுச்சு!

ரவி மாமா, 11:07
ரிச்சி ஸ்ட்ரீட்ல 0.22 மைக்ரோஃபேரட் 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் கேளு. நாலு வாங்கி நாலையும் மாத்திடு, எல்லாம் ஒரே வயசு. 400 வோல்ட் குடுத்தா வேணாம்னு சொல்லிடு. ஆன் பண்ற நிமிஷத்துல ஹெச்டி முழுசா அது மேல நிக்கும்.

மாலதி அக்கா, 11:12
பயாஸ் வைக்கறதுக்கு முன்னாடி அந்த சாக்கெட்டோட கேத்தோடு ரெசிஸ்டரை அள, வால்வு கரெண்ட் முழுசும் அது வழியாதான் போகும். 10 ஓம் இருக்கணும். இவ்ளோ கரெண்ட் போனதுல 12, 13-னு ஏறியிருந்தா நீ பார்க்கிற மில்லிவோல்ட்டே பொய். வால்வோட இன்னொரு கிரிட்டான ஸ்கிரீனுக்குப் போற ரெசிஸ்டர் 1 கிலோஓம், கருகியிருந்தா மாத்திடு.

செந்தில், மாலை 6:30
நாலும் மாத்தியாச்சு. கேத்தோடு 10.1. ஸ்கிரீன் ஒண்ணு 1.4 கிலோஓம் காட்டுச்சு, புதுசு போட்டுட்டேன். பயாஸ் எவ்ளோ?

ரவி மாமா, 6:34
முழு நெகட்டிவ்ல ஆரம்பி, வால்யூம் பூஜ்யம். 20 நிமிஷம் சூடாகட்டும். அப்புறம் ஒவ்வொரு கேத்தோடுலயும் 380 மில்லிவோல்ட் வர்ற மாதிரி மெதுவா திருப்பு. 10 ஓம்ல அது 38 மில்லி ஆம்பியர். 430 வோல்ட்டால பெருக்கினா 16 வாட் சொச்சம், 25-ல மூணுல ரெண்டு பங்கு. ஒண்ணைத் திருப்பினா மத்தது நகரும், ரெண்டு மூணு சுத்து வரணும். நீ ராத்திரி கேக்கறவன், ராத்திரிலயே வை. வீட்டு லைன் 240 வோல்ட்டுக்கு ஏறினா வால்வு கரெண்ட்டும் கூடவே ஏறும்.

செந்தில், இரவு 9:50
380, 378, 382, 380. சிவப்பு இல்ல. முன்னாடி இருந்த 'ம்ம்'னு ஹம்மும் வலது பக்கம் குறைஞ்சிருக்கு!

மாலதி அக்கா, 9:53
ஜோடி ரெண்டும் ஒரே கரெண்ட் இழுத்தா சப்ளைல இருக்கிற 100 ஹெர்ட்ஸ் ஹம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்லயே ஒண்ணையொண்ணு அடிச்சிடும். இன்னும் லேசா மீதி இருந்து, அது 50 ஹெர்ட்ஸா கனமா கேட்டா, எர்த் வயரைப் பாரு.