ஓகஸ்ட் விடுமுறையில் வயலின் பயிற்சி: எங்கே அனுப்புவது?

காரைதீவிலிருந்து ஒரு தந்தை எழுதுகிறேன். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. ஏழு வயதிலிருந்து கர்நாடக வயலின் பயின்று வருகிறாள். வட இலங்கை சங்கீத சபையின் நான்காம் தரப் பரீட்சையில் சென்ற ஆண்டு சித்தியடைந்தாள். கோயில் திருவிழாக்களிலும் பாடசாலை விழாக்களிலும் வாசித்து மேடைக் கூச்சமும் ஓரளவு போய்விட்டது. அடுத்த ஆண்டு 10ஆம் தரத்துக்குப் போனால் சாதாரண தரப் பரீட்சைக்கான படிப்பு நெருக்கிவிடும் என்பதால், இம்முறை ஓகஸ்ட் விடுமுறையையாவது முழுமையாக இசைக்குக் கொடுக்க விரும்புகிறோம்.

மூன்று வழிகள் கண்முன்னே உள்ளன. கொழும்பில் இரண்டு வாரம் தங்கிப் பயிலும் மேற்கத்தேய வாத்தியக்குழு முகாம் ஒன்று, நிறைவில் பெரிய மண்டபத்தில் நிகழ்ச்சியுடன். அதன் கட்டணம் மட்டுமே என் ஒரு மாதச் சம்பளம். இரண்டாவது, சென்னையில் ஒரு வித்துவான் தம் வீட்டில் நடத்தும் மூன்று வார வகுப்பு. இதற்கு என் மனைவியும் உடன் போய்த் தங்க வேண்டும். மூன்றாவது, மட்டக்களப்பு நகரில் வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் பயிலும் பிள்ளைகளைச் சேர்த்து வைத்து நடத்தும் பத்து நாள் பட்டறை. அதில் பெயர்பெற்ற வித்துவான்கள் எவரும் இல்லை. மகளின் ஆசிரியையிடம் கேட்டபோது, “உங்கள் விருப்பம்” என்று மட்டும் சொன்னார். அனுபவமுள்ளோர் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (கல்லடி, ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை)

“உங்கள் விருப்பம்” என்று ஆசிரியை சொன்னதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தம்பி. மகளை வைத்துக்கொண்டு அல்லாமல் தனியே போய், “பிள்ளையிடம் இப்போது எது குறைகிறது?” என்று கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலே பாதித் தேர்வைச் செய்துவிடும்.

கொழும்பு முகாமைப் பற்றி ஒன்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் நம் இசைக்குள் வந்த அதே வாத்தியம்தான் என்றாலும், பிடிக்கும் முறையும் சுருதி சேர்க்கும் முறையும் வேறாகிவிட்டன. உங்கள் மகள் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்த்து வாசிப்பவள். அங்கே கதிரையில் அமர்ந்து, நாடிக்குக் கீழே பிடித்து, எந்த இரண்டு அடுத்தடுத்த தந்திகளுக்கும் இடையே ஒரு பஞ்சம இடைவெளி (ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம்) வருமாறு சேர்த்து வாசிக்க வேண்டும். நடுவிலுள்ள இரண்டு தந்திகளின் உறவு மாறுவதால், விரல் பழகிய இடத்தில் சுரம் இராது. ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பெரும்பகுதி இந்த மாற்றத்துக்கே போய்விடும்.

பட்டறையை நடத்துவோரிடம் நான் முதலில் கேட்கக்கூடியது, ஒரு நாளில் என் பிள்ளை தனியே வாசிக்க, அதை ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து கேட்டுத் திருத்துவது எத்தனை நிமிடம் என்பதுதான். இருபது நிமிடம் என்றால்கூட நல்லது. அதற்குத் தயங்கிப் பதில் சொல்பவர்களிடம் அனுப்பாதீர்கள், சுவரொட்டியில் யாருடைய படம் இருந்தாலும்.

பதில் 2 (அக்கரைப்பற்று, ஒரு தாய்)

கல்லடி அம்மா சொன்ன அந்த நிமிடக் கணக்கை முன்பே அறியாததால் நாங்கள் பட்டுக்கொண்டோம். பெயர் வேண்டாம், வெளியூரில் நடந்த ஒரு முகாமுக்கு என் மகனை அனுப்பினோம். ஏறக்குறைய நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர். பத்து நாளும் ஒரே கீர்த்தனையை எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள், ஏனென்றால் நிறைவு நிகழ்ச்சி நன்றாக அமைய வேண்டுமே. எங்கள் கரையோர ஈரக்காற்றில் ஊறியிருந்த பிரடை (தந்தியை இறுக்கும் முளை), மண்டபத்துக் குளிரூட்டியில் காய்ந்து, மேடையிலேயே வழுக்கிவிட்டது. அதை இறுக்கிச் சுருதி சேர்க்க அவனுக்கு யாரும் கற்றுக் கொடுத்திருக்கவில்லை. வில்லை மட்டும் அசைத்துக்கொண்டு கடைசிவரை நின்றான். நிழற்படத்தில் அழகாகத்தான் இருக்கிறான்.

பதில் 3 (மட்டக்களப்பு, வயலின் கலைஞர்)

மேற்கத்தேய முகாமை அடியோடு தள்ளிவிட வேண்டாம். பதினெட்டாவது வயதில் அப்படி ஒன்றில் கலந்துகொண்ட பிறகே, வில்லை அடி முதல் நுனி வரை ஒரே அழுத்தத்தில் இழுக்கக் கற்றேன். என் நாதம் அதற்குப் பின்னரே திறந்தது. ஆனால் அப்போது என் கர்நாடகப் பிடி உறுதிப்பட்டிருந்தது. பதின்மூன்றில் அது சற்று முந்தியது என்பதே என் எண்ணம்.

சென்னைக்கு, ராக ஆலாபனை சொந்தமாக ஊறத் தொடங்கிய பிறகு, மார்கழியில் போவது நல்லது. காலையும் மாலையும் சபாக்களில் கச்சேரி கேட்கலாம். கேள்வி ஞானம் வகுப்புக்குக் குறைந்ததன்று.

மட்டக்களப்புப் பட்டறையில் வாய்ப்பாட்டுப் பிள்ளைகளும் மிருதங்கப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் ஒரு குறையைப் போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுவே அதன் பெரிய பலம். வயலின் பிள்ளைகள் தனியே வாசித்தே வளர்கிறார்கள். பாடுபவர் ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, கற்பனாசுரம் (அந்த இடத்திலேயே தாமே அமைத்துப் பாடும் சுரம்) பாடி நிறுத்தும்போது, அந்த எட்டு அட்சரத்துக்குள் பதில் வாசிக்கச் சொன்னால் திகைத்துப்போகிறார்கள். பக்கவாத்தியம் எதிரே ஒருவர் பாடாமல் வருவதில்லை. கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பயின்று வெளியேறிய வயலின் பட்டதாரிகள் உங்கள் பக்கத்திலும் இருப்பார்கள். மீதி விடுமுறைக்கு அவர்களில் ஒருவரிடம் தனி வகுப்பு ஒழுங்கு செய்யுங்கள். இரண்டு செலவையும் கூட்டினாலும் கொழும்புக் கட்டணத்தை எட்டாது என்று நினைக்கிறேன்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை ஆசிரியையிடம் தனியே போய்க் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மனப்பாடம் செய்ததைப் பிழையில்லாமல் வாசிக்கிறாள், அடுத்தவர் பாடுவதைக் காதில் வாங்குவதில்லை” என்றார். பட்டறையையும் விசாரித்தேன்: வயலினுக்கு ஒன்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், பிற்பகல் முழுவதும் பாடுபவர்களுடன் பயிற்சி. அங்கேயே சேர்க்கிறோம். காரைதீவிலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் போய் வருவது பிள்ளைக்குக் களைப்பு என்பதால், ஆரையம்பதியில் மாமி வீட்டில் தங்குவாள். கொண்டுபோக வேண்டியது ஏதும் உண்டா?

பதில் 1 (ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை)

பெண் பிள்ளைகள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடுவார்கள். உங்கள் மகள் அதைவிடத் தாழ்ந்த சுருதியில் வாசித்துப் பழகியிருந்தால், ஏற்றும்போது பழைய மெல்லிய தந்தி அறுந்துவிடும். அதில் இரண்டு கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள். மாற்றுவதையும் போகுமுன் அவளே ஒருமுறை செய்து பார்க்கட்டும்.