‘அம்மாச்சி வீடு’ வாட்ஸ்அப் குழு: பெரியம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்த மாலை

குமார்: ஆபரேஷன் முடிந்தது. பித்தப்பையை எடுத்தாகிவிட்டது. நாலு சின்ன ஓட்டைதான். அம்மா கண் முழித்துவிட்டார்.

சரசு சித்தி: மீனாட்சி காப்பாற்றினாள் 🙏🙏

முருகன் மாமா: கல் எத்தனை?

குமார்: டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள் மாமா. மிளகு மிளகாக இருக்கிறது. இன்னும் எண்ணவில்லை.

சரசு சித்தி: வாழைத்தண்டுச் சாறு குடி என்று அக்காவிடம் எத்தனை தரம் சொன்னேன்

கவிதா: அம்மா, அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்வது. இது வேறு.

ரேவதி: அத்தைக்கு வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் வலிக்கிறதாம். கையில் சின்ன பாட்டில் ஒன்று ஏறுகிறது.

முருகன் மாமா: தோளா? நெஞ்சுவலியாக இருக்கப்போகிறது. இசிஜி எடுக்கச் சொல்

கவிதா: மாமா, பதற வேண்டாம். கேமரா விட்டுச் செய்யும்போது வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு செலுத்தி உப்ப வைப்பார்கள். மிச்சம் இருக்கும் காற்று, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்தும், அது தோளில் வலியாகத் தெரியும். எங்கள் வார்டில் தினமும் பார்க்கிறேன். இரண்டு மூன்று நாளில் போய்விடும். மெல்ல நடக்க வையுங்கள். ஆனால் மூச்சு வாங்கினாலோ வியர்த்துக் கொட்டினாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள் அண்ணி. பாட்டில் 100 மில்லியா?

ரேவதி: ஆமாம்

கவிதா: அப்படியானால் பாராசிட்டமாலாக இருக்கும், சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கிராம், 15 நிமிடத்தில் ஏறிவிடும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. பெரியம்மா 50 கிலோகூட இல்லை என்றால் அளவு இன்னும் குறையும், எடையைச் சொல்லிவிடுங்கள். அம்மா பையில் வைத்து அனுப்பிய டோலோவைத் தயவுசெய்து யாரும் கொடுக்காதீர்கள். அதுவும் இதே மருந்துதான்.

சரசு சித்தி: அவசரத்துக்கு வைத்தேன்

முருகன் மாமா: காய்ச்சல் மருந்துக்கா இவ்வளவு பில்! என் குடலிறக்க ஆபரேஷனில் இடுப்பில் ஒரு ஊசி. பத்து நிமிடத்தில் வலி போன இடம் தெரியவில்லை. குமார், அதைப் போடச் சொல்

கவிதா: அது டைக்ளோஃபினாக்காக இருக்கும் மாமா. நல்ல மருந்துதான், பெரியம்மாவுக்கு ஆகாது. போன மாதம் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.8, சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அந்த ஊசி சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். அண்ணா, டியூட்டி டாக்டரிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டினீர்களா?

குமார்: ஃபைலில் இருக்கும்

கவிதா: இருக்கும் என்பது போதாது. கையில் எடுத்துக் காட்டுங்கள்.

செந்தில்: ஞாயிறு வளைகாப்புக்குச் சமையல்காரருக்கு என்ன சொல்ல? அட்வான்ஸ் கேட்கிறார்

சரசு சித்தி: தள்ளி வைக்கலாமா

கவிதா: அண்ணி, வலி பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள்.

ரேவதி: கேட்டேன். ‘ஒன்றுமில்லை’ என்கிறார். ஆனால் போர்வையை இறுக்கிப் பிடித்திருக்கிறார்.

முருகன் மாமா: அப்பாவும் இப்படித்தான். கடைசி மாதம் வாயே திறக்கவில்லை

சரசு சித்தி: நீ திருப்பூரில் இருந்தாய். பக்கத்தில் இருந்தது அக்காதான்

முருகன் மாமா: இப்போது எதற்கு அது

கவிதா: வலியைப் பொறுத்தால் ஆழமாக மூச்சு விட மாட்டார், இரும மாட்டார். சளி கட்டிக்கொள்ளும். பாராசிட்டமால் போதவில்லை என்றால் டிரமடால் மாதிரி இன்னும் பலமான வலி மருந்து ஏதாவது மெதுவாக ஏற்றுவார்கள், குமட்டலுக்கும் சேர்த்துப் போடுவார்கள். எது, எவ்வளவு என்பதை சிறுநீரகத்தைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். நாம் கேட்டால்தான் வருவார்கள்.

சரசு சித்தி: அதெல்லாம் பழகிவிடும் என்கிறார்களே

கவிதா: ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டு ஓரிரு வேளை கொடுப்பதற்கு அந்தப் பயம் வேண்டாம் அம்மா.

ரேவதி: திரும்பக் கேட்டேன். காதோடு ‘எட்டு’ என்றார். டாக்டரைக் கூப்பிடப் போகிறேன்.

சரசு சித்தி: ராத்திரி யார் கூட இருப்பது? அக்கா மகள் உள்ளூரில் இருந்திருந்தால்…

ரேவதி: நேற்று ராத்திரியிலிருந்து நான்தான் இருக்கிறேன் சித்தி.

முருகன் மாமா: நான் வருகிறேன். 8 மணி பஸ் கிடைத்தால்

செந்தில்: அட்வான்ஸ்?

ரேவதி: டாக்டர் வந்து மருந்து மாற்றினார். இப்போது மூன்று என்கிறார். தண்ணீர் கேட்டார்.

குமார்: கல் 27