ஊரோட சேர்ந்து டன்ஜன் உலகத்துல விழுந்தவங்க உங்க என்கவுன்டர (கேம்ல எதிர்ப்படற சம்பவம்) சொல்லுங்க

நானே ஆரம்பிக்கறேன். நான் டிஎம், அதாவது டன்ஜன் மாஸ்டர், கதை சொல்லி கேம நடத்தற ஆள். ஒரே குரூப்புக்கு ரொம்ப நாளா டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு டேபிள்ல உக்காந்து கேரக்டரா நடிச்சு டைஸ் உருட்டி ஆடற கேமோட 5ஆவது எடிஷன் ஓட்டிட்டு இருக்கேன், காடு குகை புதையல்னு போய்ப் போய் எல்லாருக்கும் சலிச்சுப் போச்சு. அதனால இந்த தடவ ஒரு முழு ஊரயே தூக்கி உள்ள போட்டேன். எட்டாயிரம் பேர் இருக்கற சாதாரண டவுன், ராத்திரி ரெண்டு மணிக்கு கரன்ட் போகுது, விடிஞ்சு பார்த்தா ஊர் எல்லைல தார் ரோடு பிளேடால அறுத்த மாதிரி நிக்குது, அதுக்கு அந்தப்பக்கம் இடுப்பளவு புல்லு, வானத்துல ரெண்டு நிலா. வீரன் மந்திரவாதி எல்லாம் கிடையாதுன்னு முதல்லயே சொல்லிட்டேன். ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், ஸ்கூல் வாட்ச்மேன், மருந்துக்கடை வெச்சிருக்கற அம்மா. நாலே கேரக்டர்.

பசங்க என்ன நெனச்சாங்கன்னா கண்டிப்பா டிராகன் வரும்னு நெனச்சாங்க. ரெண்டு செஷன் முழுக்க, சொன்னா நம்ப மாட்டீங்க, ஒரு பஸ்ஸ சுத்தி இரும்பு ஷீட் வெல்டிங் வெச்சுட்டு இருந்தாங்க. ஜன்னலுக்கு கம்பி, முன்னாடி கூரான தண்டவாளத் துண்டு, டயருக்கு தகரம். அதுக்கு தனியா படம்லாம் வரைஞ்சு வெச்சிருந்தாங்க. நான் ஒன்னும் சொல்லல, சிரிப்ப அடக்கிட்டு உக்காந்திருந்தேன், ஏன்னா என் நோட்டுல அடுத்த என்கவுன்டர்னு எழுதியிருந்தது ரஸ்ட் மான்ஸ்டர்.

தெரியாதவங்களுக்கு: பெரிய நாய் சைஸ் பூச்சி, முதுகுல ஓடு, மூஞ்சில இறகு மாதிரி ரெண்டு மீசை, வால் நுனில துடுப்பு. சேலஞ்ச் ரேட்டிங் (எவ்வளவு கஷ்டமான எதிரிங்கற அளவு) வெறும் அரை, ஹிட் பாயின்ட் (உயிர் அளவு) 27. இரும்ப மோப்பம் பிடிச்சு வரும், மீசையால தொட்டா ஒரு அடி கனசதுரம் இரும்பு துருவா உதிர்ந்து போயிரும். ஒரு ரவுண்டுக்கு ஒரு தடவ, அதாவது ஆறு செகண்டுக்கு ஒரு அடி. பஸ்ஸ பார்த்ததும் அதுக்கு கல்யாண வீட்டு பந்தி மாதிரி ஆயிடுச்சு.

டிரைவர் கேரக்டர் இரும்பு ராடால ஓங்கி ஒன்னு போட்டான், நல்லா பட்டுச்சு, ஆனா ராடே அரிச்சுப் போச்சு. பல் டாக்டர் "இது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருப்பிடிக்காது"ன்னு கத்தினான். அதுல குரோமியம் இருக்கு சரி, ஆனா பாதிக்கு மேல இரும்புதானப்பா, ரூல் சொல்றது இரும்பு கலந்த உலோகம்னு, துருப்பிடிக்கறதா இல்லையான்னு கேக்கல. பத்து நிமிஷம் சண்ட. கடைசில நான் சொன்னதுதான் நின்னுச்சு, பல் பிடுங்கற கொறடு கையிலயே செம்பழுப்பு பொடியா ஆச்சு.

அந்த நேரத்துல ரெண்டாவது ஒன்னு ஆஸ்பத்திரி பின்பக்கம் போயிருச்சு, அத யாரும் கவனிக்கல. அங்க ஜெனரேட்டர், பக்கத்துல இரும்பு டேங்க்ல ஊருக்கே மிச்சம் இருந்த டீசல். ஒரு தொடு. ஒரு அடி ஓட்டை. டீசல் எல்லாம் புல்லு மேல ஓடுச்சு, டேபிள்ல ஒரு சத்தம் இல்ல.

அத கொன்னது யாரு தெரியுமா, வாட்ச்மேன். பிளாஸ்டிக் சேரால. அதே சேர்தான், முதல் செஷன்ல இருந்து "நான் என் சேர எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டே இருந்தான், எல்லாரும் கிண்டல் பண்ணிட்டே இருந்தோம். இதுல ஒரு கூத்து என்னன்னா, 1970கள்ல கேரி கைகேக்ஸ் இந்த ஜந்துவ உருவாக்கினதே ஹாங்காங்ல செஞ்ச ஒரு மலிவு பிளாஸ்டிக் பொம்மைய பார்த்துதான். பிளாஸ்டிக்ல பொறந்தது பிளாஸ்டிக்காலயே செத்துச்சு. சரி, உங்க கதைய சொல்லுங்க.

*

ஒரு கேள்வி. கான்கிரீட்டுக்குள்ள இருக்கற கம்பிய அது திங்குமா? வாட்டர் டேங்க் தூண் எல்லாம் காலி ஆகுமே, யோசிச்சீங்களா?

*

ரூல்ல "கண்ணால பார்க்க முடியற" இரும்புன்னு இருக்கு, அதனால கான்கிரீட்டுக்குள்ள இருக்கறது தப்பிச்சுது. ஆனா முப்பது அடிக்குள்ள இரும்பு எங்க இருக்குன்னு வாசத்துலயே தெரியும் அதுக்கு. தூண சுத்தி சுத்தி வந்து மூக்க தேய்ச்சுட்டு நிக்கறத நான் வர்ணிச்சேன், பாவமா இருந்துச்சு.

*

நானும் டிஎம்தான். என் டேபிள்ல அடிதடியே நடக்கல, நடந்தது கணக்கு. பசங்க பக்கத்து ராஜ்யத்துல ஒரு கோயில கண்டுபிடிச்சு, கிளெரிக்க (சாமி சக்தில மந்திரம் போடற பூசாரி) பேசி சரிக்கட்டி, இனிமே சோத்துக்கு கவலை இல்ல, சாப்பாடு வரவழைக்கற ஸ்பெல் இருக்குன்னு ஒரே கொண்டாட்டம். நான் புத்தகத்த திறந்து படிச்சேன். ஒரு தடவ போட்டா 45 பவுண்ட் சாப்பாடு, 30 காலன் தண்ணி, பதினஞ்சு பேருக்கு ஒரு நாள். எங்க ஊரும் எட்டாயிரம் பேர்தான். வகுத்துப் பார்த்தா தினமும் 534 தடவ போடணும். அஞ்சாம் லெவல் கிளெரிக்கால ஒரு நாளைக்கு ரெண்டு தடவதான் முடியும், ஆக 267 கிளெரிக் வேணும், அந்த ராஜ்யம் முழுக்க தேடினாலும் பதினொன்னுதான் நான் வெச்சிருந்தேன். அதுக்கு மேல அந்த ஸ்பெல்ல வர்ற சாப்பாட்டுக்கு ருசியே இருக்காதுன்னு புத்தகமே சொல்லுது, 24 மணி நேரத்துல கெட்டும் போயிரும்.

பதினொன்ன வெச்சு 330 பேருக்குத்தான் சோறு. அந்த 330 யாருன்னு முடிவு பண்ற மீட்டிங்க மூணு மணி நேரம் ஆடினோம். டைஸ் ஒரு தடவ கூட உருட்டல. ரெண்டு பிளேயருக்குள்ள நெஜமாவே மனஸ்தாபம் ஆயிடுச்சு, ஒருத்தன் ஒரு வாரம் போன் எடுக்கல.

*

நான் பிளேயர், டிஎம் இல்ல, அதனால கொஞ்சம் பெருமையா சொல்லிக்கறேன். எங்க ஊர் மலையடிவாரத்துல விழுந்துச்சு, மேல ட்வார்ஃப்னு சொல்ற குள்ளர் இனத்தோட சுரங்கம். எல்லாரும் துப்பாக்கிய காட்டி பேரம் பேசலாம்னாங்க, நான் பழைய சாமான் வாங்கற ஆள் கேரக்டர், பேசப் போன இடத்துல கையில இருந்த காலி கூல்டிரிங்க் டின்ன அந்த கிழட்டு கொல்லன்கிட்ட சும்மா நீட்டினேன். அவன் வாங்கினதும் கை சட்டுனு மேல போச்சு, இரும்பு கனம் இருக்கும்னு நெனச்சு தூக்கியிருக்கான். நகத்தால கீறினான், மோந்து பார்த்தான், நாக்குல வெச்சான், உலையில போட்டான், இரும்பு, செம்ப விட ரொம்ப சீக்கிரம் உருகிருச்சு, 660 டிகிரிலயே. டிஎம் அத நடிச்சு காட்டினாரு பாருங்க, கொல்லன் உலைய விட்டு திரும்பவே இல்ல, முதுகு காட்டிட்டே "இது இன்னும் எவ்வளவு இருக்கு"ன்னு கேட்டான்.

அலுமினியம் மண்ணுல கொட்டிக் கிடந்தாலும் உலையில சுட்டு பிரிக்க முடியாதுங்க, மலிவா எடுக்க கரன்ட் வேணும். நம்ம உலகத்துலயே 1886ல ஹால்னு ஒருத்தரும் எரூன்னு ஒருத்தரும் தனித்தனியா அந்த வழிய கண்டுபிடிக்கற வரைக்கும் அது வெள்ளி மாதிரி சாமான். 1884ல வாஷிங்டன் நினைவுத்தூண் உச்சில வெச்ச சின்ன பிரமிட் அலுமினியம்தான், அப்ப அது அவ்வளவு ஒசத்தி. ஆக ஊர் குப்பைமேடு முழுக்க எங்களுக்கு கஜானா. ஒரு டின் 14 கிராம்னு வெச்சு கிலோவுக்கு எழுபது எழுபத்தொன்னு, குப்பை பொறுக்கறவங்களுக்கு ஊர்ல மேயர விட மரியாதை.

மேல சொன்ன ரஸ்ட் மான்ஸ்டர் கதைய படிச்சதும் இப்பதான் உறைக்குது. அலுமினியத்த அது தொடாதே! அந்த ட்வார்ஃப் ஏன் கேடயம் அளவுக்கு தகடா அடிச்சுத் தர்றியான்னு கேட்டான்னு இன்னைக்குத்தான் புரியுது. எங்க டிஎம் அந்த சுரங்கத்துக்குள்ள என்னமோ வெச்சிருக்காரு.

*

எங்களோடது சின்னது. டிராகன் இல்ல ஒன்னும் இல்ல, எங்க டிஎம் அந்த உலகத்துல ஒரு நாளுக்கு 26 மணி நேரம்னு வெச்சுட்டாரு, சொல்லவும் இல்ல. சாட்டிலைட் இல்லாததால ஜிபிஎஸ் செத்துப்போச்சு, அத முதல் நாளே ஒத்துக்கிட்டோம், ஆனா கடிகாரத்த நம்பிட்டோம். காவல் ஷிப்ட் எல்லாம் கைக்கடிகாரம் பார்த்து போட்டோம், தினம் ரெண்டு மணி நேரம் நழுவி, நாலாவது நாள் "விடியற்காலை" ஷிப்ட் முடிச்சு கேட்ட திறந்தா நடு ராத்திரி. வெளிய ஓநாய். அவ்வளவுதான் என் கதை.

*

திரும்ப நான், முதல்ல போட்ட டிஎம். அலுமினியம் மேட்டர சுடப்போறேன், கோச்சுக்காதீங்க.

26 மணி நேரத்தையும் சுட்டாச்சு, அதுக்கு நேத்தே பலன் கிடைச்சுது. டீசல் போனதும் ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜ் போச்சுல்ல, அதுல இன்சுலின் இருந்துச்சு. குளிர் இல்லாம வெளிய வெச்சா 28 நாள்னு கணக்கு. டைப் ஒன் சர்க்கரை வியாதி இருக்கற பையன் ஒருத்தன் இருக்கான், டிரைவரோட மகன். கிளெரிக் வெச்சு குணப்படுத்தலாமேன்னாங்க, நான் ஒரு வாரம் தாங்கும், அப்புறம் உடம்பு மறுபடி இன்சுலின் சுரக்கற கணையத்தையே தாக்க ஆரம்பிக்கும்னு தீர்ப்பு சொன்னேன், அது சரியா தப்பான்னு இன்னும் திட்டு வாங்கிட்டு இருக்கேன். நேத்து நிழல் அளந்து பார்த்து நாள் நீளத்த கண்டுபிடிச்சாங்க. மருந்துக்கடை அம்மா கேரக்டர் ஆடுறவங்க ஒன்னும் பேசல. பென்சில எடுத்து 28அ அடிச்சுட்டு, 672ஐ 26ஆல வகுத்து, பக்கத்துல "25 நாள் 22 மணி"ன்னு எழுதினாங்க. அப்புறம் டிரைவர் ஆடுறவன் பார்க்காத மாதிரி அந்த தாள கவுத்து வெச்சுட்டாங்க.