புதுப்பிப்பு: அண்ணன் மகளின் பாத் மிட்ஸ்வா அழைப்பிதழ்

நியூ ஜெர்சியில் அண்ணன் மகளுக்கு அக்டோபரில் பாத் மிட்ஸ்வா (யூதப் பெண்பிள்ளை பன்னிரண்டு, பதிமூன்று வயதில் சமயப் பொறுப்பு ஏற்கும் சடங்கு), அண்ணி யூதர், இரண்டு பக்க உறவுக்கும் ஒரே அழைப்பிதழ் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேனே, அது முடிவாகிவிட்டது.

அழைப்பிதழ் ஒன்றுதான். சனிக்கிழமை காலை ஜெப ஆலய வழிபாடும் மதிய உணவும் எல்லோருக்கும், மாலை விருந்துக்கு மட்டும் உள்ளே தனி அட்டை. யூதர்களின் ஓய்வு நாளான சப்பாத் சனிக்கிழமை இருட்டி முடிந்த பிறகே பாட்டு, ஆட்டம் எல்லாம் என்பதால் விருந்து ஏழரை மணிக்கு. மேலே எபிரேயத் தேதியும் ஆங்கிலத் தேதியும் சேர்ந்து வருகின்றன, அண்ணியின் அம்மா அதில் உறுதியாக இருந்தார், எனக்கும் அதுதான் அழகாகப் பட்டது.

நம் பக்கத்துக்குத் தமிழில் ஒரு சின்னக் குறிப்பு வைக்கிறோம்: அவள் யூத வேதமான தோராவில் நோவா பகுதியை எபிரேயத்தில் ஓதுவாள், உள்ளே போனைத் தொட வேண்டாம், படம் எடுக்க வேண்டாம், ஆண்களுக்குத் தலையில் வைக்கும் கிப்பா வாசலிலேயே கிடைக்கும். மொய் வைப்பவர்கள் யூதர்களுக்கு நல்ல எண்ணான 18-இன் மடங்காக வைத்தால் அண்ணி வீட்டாருக்குச் சந்தோஷம், ஆனால் அதை அழைப்பிதழில் போடக்கூடாது, நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம், 1922-இல் நியூயார்க்கில் ஜூடித் கப்லான் ஓதியதுதான் அமெரிக்காவின் முதல் பாத் மிட்ஸ்வா என்று பரவலாகச் சொல்கிறார்கள். அந்த வரிசையில் எங்கள் பிள்ளையும் நிற்கப் போகிறாள் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

அச்சுக்குக் கொடுத்தாயிற்று. எட்டு வாரம் முன்னாடியே தபாலில் போய்விடும், ஊருக்கு மட்டும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறோம், விசா எடுக்க வேண்டியவர்களுக்கு அண்ணன் இப்போதே சொல்லிவிட்டான்.