நாகையில் சைக்கிளில் ஒரு காலை: கரைக்கு வராத கப்பல்கள்

எனக்கு ஊர் மன்னார்குடி. நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நாகப்பட்டினத்தில் இறங்கி ஊரைப் பார்த்ததே இல்லை. பேருந்து நிலையத்தில் ஒரு டீ, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு நாகை இப்படிக் கடந்து போகிற ஊராகத்தான் இருக்கிறது. இந்தத் தை மாதம், பொங்கல் விடுமுறையில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகளோடு அந்த ஊரைச் சைக்கிளில் சுற்றினேன். ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர், நாலைந்து பேர் சேர்ந்தால் காலை வேளையில் அழைத்துப் போய்க் காட்டுகிறார் என்று நண்பர் சொல்லியிருந்தார். தன் பெயரைப் போட வேண்டாம் என்று அந்த ஆசிரியர் கேட்டுக்கொண்டார். அதனால் சார் என்றே எழுதுகிறேன்.

காலை 6 மணிக்கு ரயில் நிலைய வாசலில் கூடினோம். நாங்கள் இரண்டு பேர், கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு தம்பதி, சார். எங்களுக்கு வாடகைக்கு கியர் சைக்கிள்கள். சாரிடம் முப்பது வருஷத்துப் பழைய ஹெர்குலிஸ், பின்னால் கேரியரில் ஒரு துணிப்பை, பக்கத்தில் காற்றடிக்கும் பம்ப். கிளம்புவதற்கு முன்னால் ஒவ்வொரு சைக்கிளாகத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். என் சைக்கிளில் பின் பிரேக் கட்டை தேய்ந்து போயிருந்தது. வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் அதைக் கவனிக்கவில்லை. சார் பையிலிருந்து வேறொரு கட்டையை எடுத்து மாட்டினார். பத்து நிமிஷம் தாமதம். ஆனாலும் அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

நிலைய வாசலிலேயே முதல் பாடம். 1861-இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது, ரயிலை ஓட்டிய கம்பெனியின் தலைமையிடமும் இங்கேதான் இருந்தது என்றார். பெரிய ரயில்வே பட்டறை ஒன்றும் இருந்தது. அது 1920களின் கடைசியில் திருச்சிப் பொன்மலைக்குப் போனது. "தஞ்சாவூர் நெல்லு கடலுக்கு வந்து சேர்ற வாசல் இது. அப்புறம் ஒண்ணொண்ணா வேற ஊருக்குப் போயிடுச்சு" என்றார். திருச்சி புனித ஜோசப் கல்லூரியும் 1844-இல் நாகையில் தொடங்கியதுதானாம், 1883-இல் திருச்சிக்கு மாறியிருக்கிறது. நான் பி.எஸ்சி. படித்ததே அந்தக் கல்லூரியில். மூன்று வருஷமும் இது எனக்குத் தெரியாது.

அங்கிருந்து கடுவையாற்றுப் பாலத்தைத் தாண்டி அக்கரைப்பேட்டை. இன்னும் முழுசாக விடியவில்லை. விசைப்படகுகள் நெருக்கியடித்து நிற்கின்றன, டீசல் வாசனையும் மீன் வாசனையும் ஒன்றாக அடிக்கிறது. சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. ஒரு கூடை சங்கரா மீனைத் தார்ப்பாயில் கொட்டினார்கள். ஏலம் விடுகிறவர் ஒரு தொகையில் தொடங்கினார். சுற்றி நிற்கிறவர்கள் வாயே திறக்கவில்லை. ஒருவர் புருவத்தைத் தூக்குகிறார், இன்னொருவர் இரண்டு விரலை மடக்குகிறார், விலை ஏறுகிறது. எண்ணி இருபது விநாடி. கூடை கைமாறி, ஐஸ் போட்டு, வண்டியில் ஏறிவிட்டது. யார் வாங்கினார் என்று என் மகளால் கடைசி வரை கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் நெத்திலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா, ஏலக்காரர பாக்காத. எதிர நிக்கிற ஆளு கண்ணப் பாரு." அடுத்த கூடைக்கு அவள் சரியாகச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா ஒரு பிடி நெத்திலியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது போனால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஏலத்தில் இந்தக் களை இருக்காது. வேளாங்கண்ணித் திருவிழா நடக்கும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரமும் வேண்டாம். சாலை முழுக்க நடைப்பயணிகள் போவார்கள்.

அக்கரைப்பேட்டையில் சார் அதிகம் பேசவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றிக் கும்பகோணத்துக்காரர் கேட்டார். மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். நாங்களும் நின்றோம். அவர் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் அதில் போனவர்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. சுற்றிக் காட்டுகிறவர் எங்கே பேசாமல் இருக்க வேண்டுமோ அங்கே பேசாமல் இருந்தார். நான் போன வேறு எந்தச் சுற்றுலாவிலும் இப்படி ஒருவரைப் பார்த்ததில்லை.

திரும்பி ஊருக்குள் வந்தால் காயாரோகணேசுவரர் கோயில். அம்மன் நீலாயதாட்சி. சுற்றியுள்ள தெருக்களுக்கும் அவள் பெயர்தான், நீலா கீழ வீதி, நீலா தெற்கு வீதி என்று. காரில் போனால் பெயர்ப்பலகை கண்ணில் படாது. நுளைப்பாடியில் பிறந்த அதிபத்த நாயனார் கதையைச் சார் அங்கே நின்று சொன்னார். பிடிக்கும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டுவிடுகிற மீனவர். பல நாள் ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது, பட்டினியோடு அதையும் விட்டார். கடைசியில் பொன்மீன் கிடைத்தபோது அதையும் விட்டுவிட்டார். இன்றும் ஆவணி மாதம் நாகைக் கடற்கரையில் தங்கமீனைக் கடலில் விடும் விழா நடக்கிறது. ஏலத்தைப் பார்த்துவிட்டு நேராக வந்து இந்தக் கதையைக் கேட்பதற்கும், வீட்டில் உட்கார்ந்து பெரிய புராணம் படிப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஒரு மீனின் விலை என்ன என்று அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் பார்த்திருந்தோம்.

அடுத்து வெளிப்பாளையம். அங்கே எங்களை நிறுத்தி, சார் காட்டியது எதுவுமே இல்லாத ஓர் இடம். சாதாரணத் தெரு, மதில், மரம். "இந்தச் சுத்துவட்டாரத்துலதான் சூடாமணி விகாரம் இருந்தது" என்றார். முதலாம் ராஜராஜன் காலத்தில், 1006 வாக்கில், ஸ்ரீவிஜய நாட்டு (இன்றைய சுமத்ரா, மலேயாப் பக்கம்) அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தகப்பனார் சூடாமணிவர்மன் பெயரில் எழுப்பிய பௌத்தப் பள்ளி. அதற்கு ஆனைமங்கலம் என்கிற ஊரையே சோழர்கள் கொடுத்தார்கள். அந்தக் கொடையைச் சொல்லும் 21 செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துக்குப் போய், ஊர் பெயரோடு லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் வாங்கிவிட்டன. நாகை 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது.

சார் துணிப்பையிலிருந்து ஒரு நகலெடுத்த படத்தை எடுத்தார். 1846-இல் வால்டர் எலியட் என்கிற பிரிட்டிஷ் அதிகாரி பார்த்துப் பதிவு செய்த செங்கல் கோபுரம். மூன்று நிலை, மேலே கூரை இல்லை, சுவரில் செடி முளைத்திருக்கிறது. கடலில் வருகிற மாலுமிகளுக்கு அதுதான் அடையாளமாக இருந்ததாம். சீன கோபுரம் என்று சொல்லியிருக்கிறார்கள். 1867-இல் அங்கிருந்த இயேசு சபையார் அரசிடம் அனுமதி வாங்கி அதை இடித்தார்கள். இந்த வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் மண்ணுக்குள்ளிருந்து சுமார் 350 புத்தர் படிமங்கள் கிடைத்தன. அவற்றில் பல இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

"எழுநூறு எண்ணூறு வருஷம் நின்னத ஏன் சார் இடிக்க விட்டாங்க?" என்று என் மகள் கேட்டாள். சார் அவளுக்கு மழுப்பாமல் பதில் சொன்னார். "இது நம்மளோடதுன்னு சொல்ல அப்ப ஊர்ல யாரும் இல்லம்மா. கும்பிடுற ஆள் இல்லாத கட்டடத்துக்குக் கேட்க நாதி இருக்காது." எனக்கு இன்னும் ஆறவில்லை. கோபுரம்தான் போய்விட்டது, அது நின்ற இடத்தில் தமிழில் ஒரு பெரிய பலகையும் அந்தப் படமும் வைத்தால் போதும். அந்தத் தெருவில் போகிற பள்ளிப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள்.

அங்கிருந்து நாகூருக்கு வடக்கே போக வேண்டும். தை மாதம் என்பதால் வாடைக் காற்று நேர் எதிரே. கியர் இருந்தும் எனக்கு மூச்சு வாங்கியது. சார் தன் பழைய வண்டியில் முன்னால் போய், அவருக்குப் பின்னால் ஒட்டிவரச் சொன்னார். காற்று அவர் முதுகில் தடுக்கப்பட்டு எங்களுக்குக் குறைந்தது. 70 வயதை நெருங்குகிற மனிதர்.

நாகூருக்குள் நுழைகிற இடத்தில் மகளின் முன்சக்கரத்தில் கருவேல முள் ஏறிவிட்டது. டீக்கடை ஓரமாக நிறுத்தினோம். சார் டயரை நெம்பி டியூபை உருவி, கடையில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கினார். டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிச் சுற்ற, ஓரிடத்தில் கடுகளவு குமிழிகள் சரம் சரமாக மேலே வந்தன. அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஊதினார். உடனே ஒட்டிவிடக் கூடாது, பசை காய்ந்து பளபளப்பு போன பிறகுதான் ஒட்டுத்துண்டை வைக்க வேண்டும் என்று மகளையே ஒட்டச் சொன்னார். பிறகு டயருக்குள் விரலை விட்டுத் தடவி, ஒடிந்து உள்ளே நின்ற முள் நுனியை எடுத்துக் காட்டினார். "இத எடுக்காம மாட்டினா அடுத்த தெருவுல திரும்பப் போயிடும்."

அந்தக் கால் மணி நேரத்தில்தான் நான் அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், 80 வயதுக்கு மேல் இருக்கும், வெள்ளைத் தொப்பி. சபராளி. கடல் கடந்து பிழைக்கப் போனவர்களை நாகூரில் அப்படித்தான் சொல்கிறார்கள். 1960களில் இங்கிருந்து பினாங்குக்கு ராஜுலா கப்பலில் போனவர். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

என் பாட்டியின் அண்ணன் 1950களில் அதே ராஜுலாவில்தான் மலேயாவுக்குப் போனார். திரும்பவில்லை. வழியனுப்பப் பாட்டியும் நாகைக்கு வந்திருக்கிறார். அதைச் சொல்லும்போதெல்லாம், "கப்பலை நான் எங்க பாத்தேன், தூரத்துல பொட்டு மாதிரி நின்னுச்சு, அண்ணன் ஓடத்துலதான் போச்சு" என்பார். சின்னப் பையனாக இருந்தபோது நான் நம்பவில்லை. பாடப் புத்தகத்துப் படத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்கும், பலகை போட்டு ஆட்கள் ஏறுவார்கள். பாட்டி மறந்துபோய் மாற்றிச் சொல்கிறார் என்று அவரிடம் வாதாடியிருக்கிறேன்.

பெரியவர் சொன்னார்: "நாகையில கப்பல் கரைக்கு வராது தம்பி. ஆழம் கிடையாது. வெகு தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். நாம போட்ல போவணும். கப்பல் பக்கவாட்டுல படி தொங்கும். போட்டு ஒரு ஆள் உசரம் ஏறும், எறங்கும். அலை தூக்கி உச்சிக்கு வர்றப்ப படியில கால் வச்சுடணும். எறங்குறப்ப வச்சா கால் காத்துல நிக்கும். எங்க அத்தா என் கைய விட்டது அந்த எடத்துலதான்."

டெல்டாக் கரையே அப்படி என்று சார் விளக்கினார். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும்தான் இந்தக் கடற்கரை. கடல் வெகு தூரம் வரை ஆழமில்லாமல் சரிகிறது, ஆற்று முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக்கொண்டே இருக்கும். சிறிய கலங்கள்தான் உள்ளே வர முடியும். ராஜுலாவுக்குப் பிறகு வந்த எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணமும் நின்றது. இப்போது காங்கேசன்துறைக்குப் போகும் கப்பல் 2023 அக்டோபர் 14-இல் தொடங்கி நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. அது சிறிய கப்பல், துறைமுகத்துக்குள்ளேயே வந்து நிற்கிறது.

பாட்டி போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அவர் சொன்னது அத்தனையும் சரி.

தர்காவில் அதிக நேரம் இருக்கவில்லை, கூட்டம் வரத் தொடங்கிவிட்டது. ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டியது. கப்பலேறிப் போனவர்கள் நாகூர் ஆண்டவரையும் மனசில் சுமந்துகொண்டு போய், சிங்கப்பூரில் 1828-லேயே ஒரு நாகூர் தர்கா எழுப்பத் தொடங்கிவிட்டார்கள். வாசலில் இறால் வாடாவும் தம்ரூட்டும் வாங்கினோம். திரும்பும்போது காற்று முதுகில் தள்ளியது, மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. 11 மணிக்குள் ரயில் நிலையம். மொத்தம் 25 கிலோமீட்டர் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் வேண்டும், பிரேக்கை நீங்களே ஒரு முறை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் நானும் மகளும் கடற்கரைக்குப் போனோம். கப்பல் எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று கேட்டாள். நான் கையை நீட்டிக் காட்டினேன். அங்கே ஒரு ஃபைபர் படகு போய்க்கொண்டிருந்தது, பொட்டு மாதிரிதான் தெரிந்தது.

உங்கள் வீட்டிலிருந்து நாகையில் கப்பலேறியவர்கள் யாராவது இருந்தால், அவர்கள் எப்படி ஏறினார்கள் என்று சொன்னதை எழுதுங்கள். அந்தப் பெரியவரிடம் அடுத்த முறை போகும்போது வாசித்துக் காட்டுவதாகச் சொல்லி வந்திருக்கிறேன்.