தவில் மட்டும் நம்பி ஒரு ஆயுசு ஓட்ட முடியுமா?

மன்னார்குடி மைனர்:
அக்கா பையன் பன்னெண்டாவது முடிச்சிட்டு தவில்தான் வாசிப்பேன், வேற எதுக்கும் போகமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான். அரசு இசைப்பள்ளில மூணு வருஷ கோர்ஸுக்கு அப்ளிகேஷன் கூட வாங்கிட்டு வந்துட்டான். வீட்ல ரெண்டு கட்சி ஆயிடுச்சு. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், ஒரு டிகிரி படிக்கட்டும், ஒரு வேலைல உக்காரட்டும், லீவு நாள்ல தவில் வாசிக்கட்டும். எனக்கு தெரிஞ்சு நாதஸ்வர தவில் செட்டுல வாசிக்கிறவங்க எத்தனையோ பேர் இப்ப பகல்ல வேற வேலைலதான் இருக்காங்க. இதுல என்ன தப்பு?

கும்மோணம்80:
தப்புதான் சார். முகூர்த்தம் என்ன உங்க ஆபீஸ் லீவு பாத்தா வருது? புதன்கிழமை விடியகாலைல நாலரைக்கு வரும். கோயில் உற்சவம்னா பத்து நாள், ராத்திரி சாமி புறப்பாடு நாலு வீதி சுத்தி நிலைக்கு வர நடுராத்திரி தாண்டி ஒரு மணி ரெண்டு மணி ஆயிடும், காலைல ஒன்பதுக்கு எந்த ஆபீஸ்ல போய் கையெழுத்து போடுவான்? அதவிட முக்கியம், சாமி புறப்பாட்டுல வாசிக்கிற மல்லாரி, ரக்தி மாதிரி உருப்படி எல்லாம் ரூம்ல உக்காந்து பழகி வர்ற விஷயம் இல்ல, ராத்திரி தெருவுல நின்னு வாசிச்சு வாசிச்சு வர்றது. நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளை தோடி ராகத்த மணிக்கணக்கா வாசிச்சார், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோட உக்காந்து நீளம் கூடின, சுருதி தாழ்ந்த நாதஸ்வரமான பாரி நாயனத்தையே செஞ்சு கொண்டு வந்தார், இதெல்லாம் சனி ஞாயிறுல நடந்த வேலையா?

வலந்தலை:
அதானே பாத்தேன், இந்தப் பேச்சு எடுத்தா ரெண்டாவது பதிவுலயே ராஜரத்தினம் பிள்ளை வந்துருவார். அண்ணே, அவர் மாதிரி ஒருத்தர். மத்த ஆயிரம் பேர் கதைய யார் பேசறது? எங்கப்பா தவில்காரர். ஏழெட்டு வயசுல ஒரு செட்டுல தாளம் போடப் போனவர், அப்புறம் ரெண்டாவது தவில், முப்பதுக்கு மேலதான் முதல் தவில்னு பேர் சொல்லி கூப்பிட்டாங்க. அறுபதுக்கு அப்புறம் தோள் விட்டுப்போச்சு, காது மந்தம், பழையபடி ரெண்டாவது தவில், அப்புறம் திரும்ப தாளம். இதத்தான் நீங்க ஆயுசுக்கும் கலைனு சொல்றீங்க. கடைசி கல்யாணத்துல பேசின காசுல பாதி அப்புறம் தரேன்னு சொன்ன காண்ட்ராக்டர் இன்னிக்கு வரைக்கும் தரல.

அப்புறம் முழுநேரம் முழுநேரம்ங்கறீங்களே, ஆடி, புரட்டாசி, மார்கழி கல்யாணமே கிடையாது, மத்த மாசத்துலயும் தேய்பிறைன்னா பாதி பேர் தள்ளிப் போட்டுருவாங்க. தை, வைகாசி, ஆவணில ஓடி ஓடி சம்பாதிச்சத வச்சு மிச்ச நாள உருட்டணும். வேலையே அரை வருஷத்துக்குதான் இருக்கு, அதுல முழுநேரமா இருன்னா என்ன அர்த்தம்?

மோகனம் மட்டும்:
நாதஸ்வரத்துல காருகுறிச்சி அருணாசலம் 1921ல பிறந்து 1964ல போயிட்டார். தவில்ல யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி 1933ல பிறந்து 1975ல போயிட்டார். ரெண்டு பேருக்கும் ஆயுசே நாப்பத்து சொச்சம். சீசன்ல தூக்கம் கிடையாது, கார்லயே படுக்கை, நேரத்துக்கு சாப்பாடு கிடையாது. சும்மா சொல்லிட்டுப் போறேன்.

கும்மோணம்80:
அப்ப நாதஸ்வரத்துல நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன்? 1924ல பிறந்து 2001 வரைக்கும் இருந்தார், 1981ல மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி விருது. ஷேக் சின்ன மௌலானா அதே 1924, ஆந்திராவுல கரவதிலேருந்து தஞ்சாவூர் பாணி வேணும்னு தேடி வந்து நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்கள்ட்ட கத்துக்கிட்டு, ஸ்ரீரங்கத்துலயே குடி வந்து கடைசி வரைக்கும் அங்கயே இருந்தார், 1998ல கலாநிதி, அடுத்த வருஷம் மறைஞ்சார். ஊர் மாறி பாஷை மாறி வந்த மனுஷனுக்கே இந்த மண்ணுல ஒரு ஆயுசு கிடைச்சிருக்கு. உங்களுக்கு செத்தவங்க கணக்கு மட்டும்தான் கண்ணுல படுமா?

வலந்தலை:
கலாநிதி பட்டியல்னு சொன்னீங்களே, அதுல உங்க ராஜரத்தினம் பிள்ளை பேர் இருக்கா பாருங்க. கிடையாது. தவில்காரங்க பேர தேடறதுக்கு பூதக்கண்ணாடி வேணும். உச்சில இருந்தவருக்கே இதுதான் மரியாதை, எங்கப்பா எந்த மூலைக்கு?

அந்தக் காலத்து முழுநேரத்தப் பத்தி ஒண்ணு கேக்கறேன். கோயில்ல மேளம் வாசிச்சவங்களுக்கு மானிய நிலம் இருந்துச்சு, அறுவடை முடிஞ்சா மிராசுதார் வீட்டு நெல்லு வந்துச்சு, பெரிய வித்வான்னா ஆதீனம் வச்சு காப்பாத்துச்சு. ராஜரத்தினம் பிள்ளையே திருவாவடுதுறை ஆதீன வித்வான்தானே. கல்யாண வருமானத்த மட்டும் நம்பி எவனும் அப்ப வாழல, ஒரு கால் கச்சேரில, ஒரு கால் வயல்ல. நிலம் போச்சு, நெல்லு போச்சு. அந்த இடத்துல இப்ப ஒரு குமாஸ்தா உத்தியோகமோ ஸ்கூல்ல மியூசிக் டீச்சர் வேலையோ இருந்துட்டுப் போகட்டுமே, அது மட்டும் எப்படி கலைக்கு துரோகம் ஆகும்?

கும்மோணம்80:
ஆகும். மானியம் கொடுத்தவன் என்ன கேட்டான்? விடியகாலைல வந்து பூபாளம் வாசின்னான், அர்த்தஜாமத்துல நீலாம்பரி வாசின்னான். சோறு போட்டதும் அதுதான், தினம் வாசிச்சு சாதகம் பண்ண வச்சதும் அதுதான். உங்க குமாஸ்தா வேலை என்ன கேக்கும்? தவில இறக்கி வச்சிட்டு வான்னு கேக்கும். ரெண்டையும் ஒண்ணா கட்டாதீங்க தம்பி.

கீரவாணி:
ரெண்டு பேரும் சண்ட போடறதுக்கு நடுவுல கோயில் வேலையப் பத்தி யாருமே பேசல. அறநிலையத்துறை கோயில்கள்ல நாதஸ்வரம், தவில்னு தனியா பணியிடம் இருக்கு, மாச சம்பளம் இருக்கு, கோயில் பெருசா இருந்தா சம்பளமும் பரவாயில்ல. பழனி தேவஸ்தானம் தவில் நாதஸ்வர பள்ளியே நடத்துது. அந்தப் பையனுக்கு இத யாராவது சொன்னீங்களா? கும்மோணம் சார் சொன்ன மானியத்துக்கு இப்ப கிட்டத்துல இருக்கறது இதுதான்.

அப்புறம் எல்லாரும் பையன் பையன்னே பேசறீங்க. மதுரை பொன்னுத்தாயி அம்மா அந்தக் காலத்துலயே நாதஸ்வரத்த கைல எடுத்தாங்க. காலீஷாபி மகபூப் வீட்டுக்காரரோட சேந்து காலம் பூரா வாசிச்சு 2021ல ரெண்டு பேரும் பத்மஸ்ரீ வாங்கினாங்க. புருஷன் பொண்டாட்டி ஒரே செட்டுல இருந்தா வீட்டு வேலைய யார் பாக்கறதுங்கற கேள்விக்கும் சேத்து ஒரு ஆயுசு தேவைப்படுது, அத யாரும் எழுத மாட்டீங்க.

மோகனம் மட்டும்:
கோயில் பணியிடம் சரிங்க, ஆனா காலியா இருக்கற இடத்த நிரப்ப எத்தன வருஷம் ஆகுது? சின்ன கோயில்ல பாத்திருக்கீங்களா, தீபாராதனைக்கு ஸ்விட்ச போட்டா மோட்டார் மேளம் தானா டமடமன்னு அடிக்கும், மணியும் சேந்து அடிக்கும். அதுக்கு சம்பளம் வேணாம், தேய்பிறையும் கிடையாது. கல்யாண ரிசப்ஷனுக்கு செண்டை மேளம் கூப்பிடறாங்க, நம்ம தவில் செட்டு மண்டப ஓரத்துல உக்காந்து கெட்டிமேளத்துக்கு மட்டும் காத்துக்கிட்டு இருக்கு. வயசான காலத்துல நலிந்த கலைஞர்னு மனு போட்டா மாசம் 3000 ரூபா. நலிஞ்சு போயிட்டோம்னு எழுதிக் கொடுத்தாதான் அதுவும்.

வலந்தலை:
அந்த மனுவ எங்கப்பாவுக்கு எழுதினது நான்தான். இதுக்கு மேல அதப் பத்தி வேணாம்.

மன்னார்குடி மைனர்:
நீங்கள்லாம் பேசறத பாத்தா எங்க வீட்டு கூடமே தேவலாம் போல இருக்கு. சரி, கோர்ஸ்ல சேத்து விடறேன்னு வச்சுக்கங்க, அவனுக்கு இது தாங்குமான்னு எப்படி தெரிஞ்சுக்கறது? இப்போதைக்கு யூட்யூப்ல வலையப்பட்டி, ஹரித்வாரமங்கலம் மாதிரி பெரிய தவில் வித்வான்கள் தனியா வாசிக்கிற தனி ஆவர்த்தனமா பாத்து தொடைல தட்டிட்டு இருக்கான்.

வலந்தலை:
தனிய பாத்தா யாருக்குத்தான் ஆசை வராது. ஏதாவது கோயில் உற்சவத்துக்கு, கொடியேத்தத்துலேருந்து கடைசி விடையாத்தி வரைக்கும் ஒரு செட்டோட தாளம் போட அனுப்புங்க. தவில தொட விட வேணாம். ராத்திரி புறப்பாடு, பகல்ல எங்கயாவது மண்டபத்துல தூக்கம், தவில் வாசிக்க விரல்ல துணியும் பசையும் வச்சு கூடு கட்டறத பக்கத்துல இருந்து பாக்கணும், முதல் தவில்காரர் கோவத்துல வையறதையும் கேக்கணும். அதுக்கப்புறமும் தவில்தான்னு சொன்னான்னா நீங்க தடுத்தாலும் நிக்க மாட்டான். டிகிரிய மட்டும் தபால்லயாவது படிக்க வச்சிருங்க. கத்துக்கற பையன், அதனால காசு கீசு பேசாதீங்க, சாப்பாடு போட்டா போதும்னு விட்டுருங்க.

கும்மோணம்80:
உற்சவத்துக்கு அனுப்பறது நல்ல யோசனை. ஆனா காசு பேசாதீங்கங்கறீங்க பாருங்க, உங்கப்பாவுக்கு பாதி காசு நின்னது எங்கேருந்து ஆரம்பிச்சதுன்னு நினைக்கறீங்க? தாளக்காரனா இருந்தாலும் பேட்டா எவ்வளவுன்னு முதல் நாளே கேட்டுட்டு ஏறச் சொல்லுங்க மைனர் சார்.

வலந்தலை:
புதுப்பையன் முதல் நாளே பேட்டா கேட்டா எந்த செட்டுல ஏத்துவாங்க? நீங்க செட்டு நடத்தியிருக்கீங்களா?

கும்மோணம்80:
நடத்தறேன். எங்க செட்டுல தாளத்துக்கும் உண்டு. வைகாசில ஒரு உற்சவம் இருக்கு, பையன அனுப்புங்க, தனிச்செய்தில நம்பர் தரேன்.